காட்டுக்குள் மறைந்த மண்கோட்டை: தேடிக் கண்டுபிடித்து, சுற்றி வந்து, அளந்து பதியும் முறை

காட்டுக்குள் இருக்கும் மண்கோட்டையை முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். மேட்டைக் கண்டதும் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடுகிறார்கள். அங்கே நாலைந்து மரமும் காய்ந்த சருகும்தான் இருக்கும். 'இவ்வளவுதானா' என்று இறங்கி வந்துவிடுகிறார்கள். மண்கோட்டையைப் படிக்க வேண்டிய இடம் அகழி. கரைக்கும் (மண்ணைக் கொட்டி எழுப்பிய நீண்ட வரம்பு) மேட்டுக்கும் மண் அங்கிருந்துதான் போனது. வாசல் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பயம் அதிகம், பின்னால் யார் வந்து எதைக் கலைத்தார்கள் என்பதெல்லாம் அகழியிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். அகழியில் இறங்கி ஒரு முழுச் சுற்று, பிறகு வாசல், பிறகு கரை, பிறகு உள்தளம், கடைசியில் உச்சி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்தில் 11, 12 ஆம் நூற்றாண்டுகளில் நார்மன் பிரபுக்கள் மண்ணாலும் மரத்தாலும் எழுப்பிய கோட்டைகளைப் பற்றி. 1066 இல் நாடு பிடிபட்ட பின்பு ஒரு பெரிய அலை. 1135 இல் ஸ்டீபன் மன்னரானபின் தொடங்கிய வாரிசுச் சண்டையில் இன்னொரு அலை. மரம் மக்கிப் போய்விட்டது. மண் மட்டும் நிற்கிறது.

எதைத் தேடுகிறோம்

இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது 'மாட்'. உச்சி தட்டையாக வெட்டப்பட்ட கூம்பு போன்ற மேடு. அடியைச் சுற்றி அகழி. பெரும்பாலானவற்றின் உயரம் 5 மீட்டருக்கும் குறைவு. 10 மீட்டரைத் தாண்டுபவை மிகச் சில. மேட்டை ஒட்டி, கரையும் அகழியும் சூழ்ந்த ஒரு முற்றம் இருந்தால் அதற்குப் பெயர் 'பெய்லி'. பெரும்பாலும் அது அவரைவிதை வடிவத்தில் மேட்டை அணைத்தபடி கிடக்கும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மாட் கோட்டைகள் 600க்கு மேல் பதிவாகியிருக்கின்றன.

இரண்டாவது 'ரிங்வொர்க்', அதாவது வளையக் கோட்டை. மேடு கிடையாது. வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரு கரை, வெளியே அகழி, ஒரே ஒரு வாசல். இவை அரிது, பதிவானவை ஏறக்குறைய 200தான், அவற்றிலும் பெய்லியோடு இருப்பவை 60க்கும் குறைவு. காட்டுக்குள் எளிதில் கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான். மரங்களுக்கு நடுவே நின்று பார்த்தால் வளையத்தின் ஒரு வளைவு மட்டுமே கண்ணில் படும். முழு வட்டம் தெரியாது.

தமிழில் காட்டரண், மிளை என்றெல்லாம் சொற்கள் இருப்பதால் ஒரு தவறான எண்ணம் வரலாம். இங்கே காடு அரணாக வளர்க்கப்படவில்லை. கோட்டை உயிரோடு இருந்த காலத்தில் கரைகள் மொட்டையாக இருந்திருக்க வேண்டும். மரம் நின்றால் காவலனுக்குப் பார்வை மறைக்கும், எதிரிக்கு ஒளிவிடம் கிடைக்கும். கோட்டை கைவிடப்பட்ட பின்புதான் காடு வந்தது. வந்தது ஒருவகையில் நல்லதே. வெளியே வயலில் இருந்த கரைகளை ஏர் தேய்த்துச் சமனாக்கிவிட்டது. காட்டுக்குள் இருந்தவை தப்பித்தன.

கிளம்புமுன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லிடங்களின் பெயரைப் பழைய கோதிக் பாணி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ரோமானியருடையவை மட்டும் நேரான பெரிய எழுத்தில் இருக்கும். காட்டுப் பச்சைக்குள் கோதிக் எழுத்தில் மாட், ரிங்வொர்க், காஸில் என்ற சொற்களைத் தேடுங்கள். பெயர்களும் துப்பு தரும்: காஸில் ஹில், மவுண்ட், ஹெரஃபர்ட்ஷர் பக்கம் டம்ப். அடுத்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம், 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த 19 ஆம் நூற்றாண்டு வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பாருங்கள். இன்று மரம் மூடிய இடத்தை அன்றைய அளவையாளர் திறந்த நிலத்தில் பார்த்து வரைந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியல். தொல்சின்னங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பராமரிக்கும் இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கும் 7 இலக்க எண், எல்லைக்கோட்டோடு ஒரு வரைபடம், விவரக்குறிப்பு ஆகியவை உண்டு. எல்லைக்கோட்டை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அடியிலிருந்து சட்டம் தொடங்குகிறது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

நான்காவதாக லைடார். விமானத்திலிருந்து லேசர் கதிரைக் கீழே அனுப்பி, இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் மரங்களே இல்லாத தரைப்படம் கிடைக்கும். சுற்றுச்சூழல் முகமை தன் லைடார் தரவை 2015 இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 1 மீட்டர் துல்லியம் கொண்டது. உயரத்தில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் பிழை இருக்கும். இறக்கும்போது தரைமட்ட மாதிரியை எடுக்க வேண்டும். மேல்பரப்பு மாதிரியை எடுத்துவிட்டால் மரத்தின் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கோப்பை கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து ஹில்ஷேட் (ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்ததுபோல் நிழலிட்ட படம்) போடுங்கள். அது இயல்பாக வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து, 315 டிகிரியில், 45 டிகிரி உயரத்தில் வைக்கும். தேய்ந்த கரைகளுக்கு அந்த உயரம் அதிகம். 20 அல்லது 25க்கு இறக்கினால் நிழல் நீளும். வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கரை ஏறக்குறைய காணாமலே போய்விடும். ஆகவே 45 டிகிரி இடைவெளியில் திசையை மாற்றி மாற்றிப் பாருங்கள், அல்லது பல திசை வெளிச்சத்தை ஒரே படத்தில் சேர்க்கும் தேர்வைப் போடுங்கள். கூடவே சரிவுப் படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிச்ச மயக்கம் கிடையாது.

லைடாரிலும் ஏமாற வழியுண்டு. அடர்ந்த முட்புதர் சிறு மேடாகத் தெரியும், ஏனென்றால் கணினி அதைத் தரை என்று எண்ணிவிடும். ஹோலி, ரோடோடென்ட்ரான், நெருக்கமான ஊசியிலை மரங்கள் ஆகியவற்றின் அடியில் கதிர் தரையைத் தொடுவதே அரிது. தொட்ட இரண்டொரு புள்ளிகளை மென்பொருள் நேர்கோட்டால் இணைக்கும்போது, பட்டை தீட்டிய கல்போல முக்கோண முகங்கள் தோன்றும். படத்தில் அப்படித் தெரிந்தால் அங்கே தகவல் இல்லை என்று பொருள். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நேரில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவை அவைதான்.

பருவம், அனுமதி, சட்டம்

பார்க்க ஏற்ற காலம் பிப்ரவரி முதல் வாரம் தொடங்கி மார்ச் நடு வரை. இலை இல்லை, கோடையில் இடுப்புயரம் நிற்கும் பெரணி, உறைபனியிலும் மழையிலும் படிந்து தரையோடு ஒட்டியிருக்கும், சூரியன் தாழ்ந்து நடப்பதால் சின்ன மேட்டுக்கும் நீண்ட நிழல் விழும். ஏப்ரலில் புளூபெல் பூத்துவிடும், அதன் இலைகளை மிதித்தால் செடி நலியும். மே மாதம் பெரணி எழ ஆரம்பித்தால் அந்த ஆண்டுக் கதை முடிந்தது. டிசம்பர், ஜனவரியும் பார்வைக்கு நல்ல மாதங்களே. ஆனால் ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. பெண் மான்களைச் சுடும் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நீள்கிறது. ஆகவே எந்தத் தேதி பாதுகாப்பு என்பதைக் காட்டின் உரிமையாளரிடமோ காட்டுக் காவலரிடமோ கேட்காமல் பாதையை விட்டு விலகக் கூடாது.

பெரும்பாலான காடுகள் தனியாருடையவை. வரைபடத்தில் பொது நடைபாதை போட்டிருந்தால் அந்தப் பாதையில் நடக்க மட்டுமே உரிமை. பத்தடி தள்ளி இருக்கும் கரைமேல் ஏற அந்த உரிமை செல்லாது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திறந்த அணுகல் நிலமாக அறிவிக்கப்பட்ட காடுகளில் நடந்தே எங்கும் போகலாம். அரசுக் காடுகளைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து தன் சொந்த நிலங்களில் பெரும்பகுதியை அப்படித் திறந்து வைத்திருக்கிறது. முதல் பயணத்துக்கு இப்படிப்பட்ட இடமே சரி. சாமர்செட்டில் பிளாக்டவுன் குன்றுகளின் வடக்கு விளிம்பில் இருக்கும் காஸில் நெரோச் நல்ல பள்ளிக்கூடம்: மரங்களுக்குள் மாட், பெய்லி, அடுக்கடுக்கான கரைகள் எல்லாம் ஒரே இடத்தில். 1960களில் பிரையன் டேவிசன் அங்கே அகழாய்வு செய்தபோது, அந்த மாட் முதல் கட்டத்தில் இல்லை, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று தெரியவந்தது.

சட்டத்தில் முக்கியமானது 1979 ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள், தொல்லியல் பகுதிகள் சட்டம். பட்டியலிட்ட சின்னத்தில் அனுமதியின்றித் தோண்டுவது, மண் கொட்டுவது, சேதப்படுத்துவது குற்றம். அதே சட்டத்தின் 42 ஆம் பிரிவு, எழுத்து மூலமான அனுமதியின்றி அங்கே மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. நிலத்தடி மின்தடை, காந்தப்புல அளவைகளுக்கும் இந்த அனுமதி வேண்டும். அளவெடுப்பதற்காக முளை அடிக்கலாமா என்றால், அடிக்கக் கூடாது. கூடாரத்து முளை அளவுக்குச் சின்ன ஆணிகூட வேண்டாம். முளையே தேவைப்படாத அளவை முறை ஒன்று கீழே வருகிறது.

கரைகளில் பேட்ஜர் என்ற, மண்ணைத் தோண்டி வாழும் விலங்கின் வளைகள் இருக்கும். தளர்ந்த மண் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். 1992 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காக்கிறது. வளையைக் குடையவோ அடைக்கவோ கூடாது. வளைவாயில் கிடக்கும் மண்குவியலைப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

30 மீட்டர் இழைநாடா இரண்டு. இரும்பு நாடா ஈரத்தில் துருப்பிடிக்கும், திசைகாட்டியையும் கெடுக்கும். 2 மீட்டர் ரேஞ்சிங் ராடு (பட்டை பட்டையாக வண்ணம் அடித்த அளவைக் கம்பு) இரண்டு, அவற்றை நிறுத்த மூன்றுகால் தாங்கி. நோக்குத் துளையுள்ள திசைகாட்டி, சரிவுக் கோணம் காட்டும் கிளினோமீட்டர், பரீட்சை அட்டை, மில்லிமீட்டர் கட்டத்தாள், அதன்மேல் ஒட்ட ஈரம் தாங்கும் பாலியஸ்டர் வரைபடத்தாள், 4எச் பென்சில். பேனா வேண்டவே வேண்டாம். சிவப்புத் துணி நாடா ஒரு முழம். பேன்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் சொருகுங்கள். உண்ணி கடித்தால் லைம் நோய் வரக்கூடும், திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். இருவராகப் போவது நல்லது. அளவெடுப்பதென்றால் இருவர் கட்டாயம்.

சுற்றி வருதல்

அகழியில் இறங்குமுன் வெளியே, சமதரையில் ஒரு முறை முழுதாகச் சுற்றுங்கள். இது கோட்டைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க: செங்குத்தான பள்ளத்தாக்கு எந்தப் பக்கம், சமநிலம் எந்தப் பக்கம். கட்டியவர்கள் உழைப்பை வீணாக்கவில்லை. இயற்கைச் சரிவு காக்கும் பக்கத்தில் கரை தாழ்ந்தோ இல்லாமலோ இருக்கும். சமநிலத்தை நோக்கிய பக்கத்தில் அகழி ஆழமாக, கரை உயரமாக இருக்கும்.

பிறகு அகழி. அடிமட்டத்தில் நடந்தபடி மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: அகலம் எங்கே மாறுகிறது, அடி எங்கே திடீரென்று ஏறுகிறது, வெளிவிளிம்பில் தாழ்ந்த இன்னொரு மேடு ஓடுகிறதா. இன்று காலடியில் இருப்பது அசல் அடி அல்ல. 1960 இல் வில்ட்ஷரில் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் ஒரு கரையையும் அகழியையும் சோதனைக்காகவே புதிதாக வெட்டி, குறித்த ஆண்டு இடைவெளிகளில் குறுக்கே வெட்டிப் பார்த்து வருகிறார்கள். அங்கே கண்டது: அகழியின் ஓரங்கள் முதல் சில குளிர்காலங்களிலேயே வேகமாகச் சரிந்து அடியை நிரப்புகின்றன, பிறகு புல் பிடித்து, மாற்றம் மிக மெதுவாகிவிடுகிறது. நார்மன் அகழியில் ஒரு மீட்டருக்கு மேல் சேறும் மண்ணும் படிந்திருப்பது சாதாரணம். அந்தச் சேற்றில் மரத்துண்டும் மகரந்தமும் தோலும் கெடாமல் கிடக்கும். ஆகவே அகழியைத் 'துப்புரவு செய்வது' என்று யாராவது மண்வெட்டியோடு புறப்பட்டால் அதுதான் கோட்டைக்கு நேரும் பெரிய இழப்பு.

வாசல். கரையில் இடைவெளி இருந்தால் மட்டும் வாசல் ஆகிவிடாது. இடைவெளிக்கு நேராக அகழி வெட்டப்படாமல் மண்பாலமாக விடப்பட்டிருக்கிறதா, இரு பக்கமும் அகழியின் முனைகள் வட்டமாக முடிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அசல் வாசல் என்று ஓரளவு நம்பலாம். இடைவெளிக்கு எதிரே அகழி நிரப்பப்பட்டு, நிரப்பு மண் விசிறிபோல் பரவிக் கிடந்தால் அது மரம் இழுத்துப்போக வண்டிக்காரர்கள் பின்னாளில் உடைத்த வழி. வண்டித் தடம் இடைவெளியைத் தாண்டி உள்ளே குறுக்காக ஓடி மறுபக்கமும் உடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சில கோட்டைகளில் மண்பாலமே இருக்காது, மரப்பாலம் இருந்திருக்கும்.

கரையில் ஏறும்போது காலால் கணக்கெடுங்கள். சருகு மூடிய கரை 25 முதல் 35 டிகிரி வரை சரிந்திருப்பது வழக்கம். கொட்டிய மண் அந்தக் கோணத்தில்தான் தங்கும். 40க்கு மேல் செங்குத்தாக ஓர் இடம் இருந்தால், ஒன்று அங்கே பாறை இருக்கிறது, இல்லை சமீபத்தில் யாரோ மண் எடுத்திருக்கிறார்கள்.

புயலில் வேரோடு சாய்ந்த மரம் கரைமேல் கிடந்தால் நின்று பாருங்கள். வேர்த்தட்டு இரண்டு, மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர்போல் எழுந்து நிற்கும். அதைக் கிழித்தெடுத்த குழியின் பக்கவாட்டில் கரையின் உள்வயிறு தெரியும். மேலே சருகு மக்கிய கறுப்பு, அதன் கீழே கலந்து கொட்டிய மஞ்சள், பழுப்புக் கட்டிகள், சில சமயம் அதற்கும் கீழே விரற்கடை கனத்தில் கருஞ்சாம்பல் நிறக் கோடு ஒன்று. அந்தக் கோடுதான் கரை கொட்டப்படுமுன் இருந்த பழைய தரைப்புல். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக வெளிச்சம் படாத புல்தரை. அதைச் சுரண்டாதீர்கள். ராடைப் பக்கத்தில் சாய்த்து அளவோடு படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு (தொல்லிடங்களைப் பதிந்து வைக்கும் அலுவலகம்) அன்றைக்கே எழுதுங்கள். மழையில் ஓரிரு மாதத்தில் கரைந்துவிடும். குழிக்குள் மட்டும் இறங்கவே கூடாது. யாராவது அடிமரத்தை அறுத்தாலோ எடை மாறினாலோ வேர்த்தட்டு சட்டென்று பழைய இடத்துக்கே எழுந்து மூடிக்கொள்ளும். இதில் உயிர் போயிருக்கிறது.

உள்தளம் சமதரையாகத் தெரிந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதீர்கள். வேல்ஸ் எல்லையில் மாண்ட்காமரிக்கு அருகே ஹென் டோமன் என்ற மாட்டில் 1960 முதல் ஃபிலிப் பார்க்கரும் பின்னர் ராபர்ட் ஹையமும் பல பத்தாண்டுகள் பொறுமையாகத் தோண்டினார்கள். பெய்லிக்குள் மரக்கட்டடங்கள் நெருக்கி நெருக்கி, பலமுறை இடித்துக் கட்டப்பட்டு இருந்தன. மேலிருந்து பார்த்தால் அதில் எதுவும் தெரியாது.

கடைசியாக உச்சி. சர்ரேயில் அபிங்கர் மாட்டின் உச்சியில் 1949 இல் பிரையன் ஹோப்-டெய்லர் தோண்டியபோது விளிம்பைச் சுற்றி மரவேலியின் குழிகளும், நடுவே ஏறக்குறைய 3.6 மீட்டர் சதுரத்தில் ஒரு சிறு கோபுரத்தின் கால்குழிகளும் கிடைத்தன. நீங்கள் நிற்கும் இடத்தில் அவ்வளவு சின்னக் கட்டடத்தை நிறுத்திப் பாருங்கள். உச்சியின் நடுவே பள்ளம் இருந்தால் பெரும்பாலும் அது புதையல் தேடியவர்கள் அல்லது பழங்கால ஆர்வலர்கள் விட்டுப்போன குழி.

மண்கோட்டைபோல் நடிப்பவை

காடு என்பது நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் வேலை செய்த இடம். ஒவ்வொரு மேடும் கோட்டை ஆகாது.

காட்டின் பழைய எல்லைக்கரை நீளமாக, ஒரே சீராக ஓடும். அதன் பள்ளம் காட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கும், கரை அரிதாகவே ஒரு மீட்டரைத் தாண்டும். கரிச்சூளைத் திட்டு என்பது சரிவில் வெட்டிய வட்டத் தட்டு. குறுக்களவு 6, 8 மீட்டர். மண்ணுக்குள் வாழும் மோல் என்ற சிறு விலங்கு கிளறிய மண் அங்கே கன்னங்கரேலென்று இருக்கும். மரம் அறுக்கும் குழி நீள்சதுரம், 3, 4 மீட்டர் நீளம், சரிவின் கீழ்ப்பக்கம் மண்குவியல். முயல் வளர்க்கப் போட்ட தலையணை மேடு நீண்டு, தாழ்ந்து, மெல்லிய பள்ளத்தோடு இருக்கும். வெண்கலக் கால ஈமமேட்டின் தலை குவிந்திருக்கும், மாட் கோட்டை மேட்டின் தலை தட்டை. தேய்ந்துபோன மாட்டையும் காற்றாலை மேட்டையும் பிரிப்பது கடினம். உச்சியில் சிலுவை வடிவப் பள்ளம் தெரிந்தால் காற்றாலையின் அடிக்கட்டைகள் கிடந்த இடம். மாட்களே பின்னாளில் காற்றாலைக்கு இடம் கொடுத்ததும் உண்டு, எனவே இரண்டும் ஒருசேர உண்மையாகலாம். நீர் தேங்கிய தாழ்நிலத்தில் சதுரமான அகழி இருந்தால் அது பிற்கால அகழிசூழ் வீடு. 1250 முதல் 1350 வரை அவை பெருகின. பல ஏக்கர் பரப்பில் குன்றின் வளைவைப் பின்பற்றி ஓடும் கரைகள் இரும்புக் காலத்தவை. அவற்றின் ஒரு மூலையில் நார்மன்கள் வந்து குடியேறியிருக்கலாம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 1987 அக்டோபர் 16 அதிகாலைப் புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு குழியும் ஒரு மண்குவியலும் விட்டது. குழி, குவியல் ஜோடிகள் பலவும் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக இருந்தால் அது புயலின் கையெழுத்து.

ஒரு குறுக்குவெட்டு அளத்தல்

இதுதான் புதியவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. முளை எதுவும் வேண்டாம்.

1. வாசலுக்கும் பேட்ஜர் வளைக்கும் தள்ளி, கரையும் அகழியும் நன்றாக நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளியே சமதரையில் தொடங்கி உள்தளத்தில் முடியும் நேர்கோடு. கரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்து போனால் எல்லாச் சரிவும் உண்மையைவிடத் தட்டையாக வரும்.

2. இரு முனையிலும் ராடைத் தாங்கியில் நிறுத்தித் திசைகாட்டியால் கோணத்தைக் குறியுங்கள். பக்கத்தில் இரும்புக் கம்பிவேலி இருந்தால் சில மீட்டர் விலகிநின்று மறுபடி பாருங்கள்.

3. உங்கள் கண் உயரத்தில் கூட்டாளியின் ராடில் சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். அந்த நாடாவைத்தான் கிளினோமீட்டரில் பார்க்க வேண்டும். கூட்டாளியின் தலையைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அவர் உங்களைவிட 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு அளவிலும் அந்த 15 ஏறும்.

4. சரிவு முறியும் ஒவ்வொரு இடத்திலும் நில்லுங்கள். மீட்டருக்கு ஒரு முறை என்று நிற்க வேண்டாம். விளிம்பும் அடியும் நழுவிவிடும். நாடாவைத் தரையோடு ஒட்டி, விறைப்பாகப் பிடித்து, சாய்நீளத்தையும் கோணத்தையும் எழுதுங்கள். விழுந்த மரத்தின்மேல் நாடாவை ஏற்றாதீர்கள். அளக்கும் நேர்கோடு முழுவதையும் ஒரு மீட்டர் நகர்த்துங்கள்.

5. திரும்பும்போது எதிர்த்திசையில் மறுபடி அளந்து பாருங்கள். மொத்த உயர வேறுபாடு 20 சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் எங்கோ பிழை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வெளியிலிருந்து உள்ளே: வெளித்தரை 4.0 மீட்டர், 2 டிகிரி இறக்கம்; அகழிக்குள் 5.2 மீட்டர், 27 டிகிரி இறக்கம்; அகழியின் அடி 2.1 மீட்டர், சமம்; கரைமேல் 9.4 மீட்டர், 32 டிகிரி ஏற்றம். கரையின் முடி 1.8 மீட்டர், சமம்; உள்பக்கம் 4.6 மீட்டர், 24 டிகிரி இறக்கம். சாய்நீளத்தை கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைநீளம், சைனால் பெருக்கினால் உயரம். 9.4 மீட்டர் ஏற்றம் கிடையாக 7.97, உயரமாக 4.98 ஆகிறது. அதாவது அகழியின் அடியில் நின்றவனுக்குக் கரைமுடி 5 மீட்டர் மேலே, அதற்குமேல் மரவேலி. மொத்தச் சாய்நீளம் 27.1, கிடைநீளம் 24.7. சாய்நீளத்தை அப்படியே தாளில் போட்டால் கோட்டை 2.4 மீட்டர் வீங்கிவிடும்.

இதே எண்களில் அகழியின் குறுக்குப் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர், கரையினுடையது சுமார் 17. வெட்டிய மண்ணைவிடக் கொட்டிய மண் அதிகமாக இருப்பது எப்படி? அகழியின் அடியில் படிந்த சேறு நமக்குத் தெரியாத பள்ளத்தை மறைக்கிறது. அசல் அகழி இன்னும் பெரியது. மாறாக, அகழி பெரிதாகவும் கரை சிறிதாகவும் வந்தால் மண் வேறெங்கோ போயிருக்கிறது: உள்தளத்தை உயர்த்த, மாட்டைக் குவிக்க, அல்லது பிற்காலத்தில் கரையைத் தள்ளி அகழியை மூட. எது என்று பார்க்க உள்தளம் வெளித்தரையைவிட எவ்வளவு உயரம் என்று கணக்கிடுங்கள், இங்கே 0.6 மீட்டர். இந்த ஒரு கேள்விக்காகவே அளவெடுக்கும் சிரமம் தகும். ஜிபிஎஸ்ஸை உயரத்துக்கு நம்பாதீர்கள். மர நிழலில் இடம்கூட 5, 10 மீட்டர் பிசகும்.

வரைபடமும் பதிவும்

திட்டப்படத்துக்கு 1:500 அளவு போதும்; 40 மீட்டர் வளையம் தாளில் 8 சென்டிமீட்டர் வரும். குறுக்குவெட்டை 1:100 இல் தனியாக வரையுங்கள். சரிவைக் காட்ட ஹஷூர் என்ற சரிவுக்கோடுகளைப் போடுவார்கள்: தடித்த தலை சரிவின் மேல்விளிம்பில், மெலிந்த வால் அடியில். செங்குத்தானால் கோடுகள் தடித்து நெருங்கும், மெல்லிய சரிவானால் ஒல்லியாகி விலகும். முதலில் மேல்விளிம்பையும் அடியையும் இரண்டு மெல்லிய கோடாக இழுத்துவிட்டு, நடுவே நிரப்புங்கள். தலையைக் கீழே போட்டால் அகழி மேடாகிவிடும். புதியவர் வரைந்த படங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தாளைக் காட்டிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்த கோடு எப்போதும் அழகாக இருக்கும், எப்போதும் தவறாக இருக்கும்.

பதிவில் இருக்க வேண்டியவை: தேசியக் கட்டக் குறியீடு இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும், அதாவது 10 மீட்டர் துல்லியத்தில், தேதி, வானிலை, புதர் எவ்வளவு மறைத்தது, அளந்தவை, கண்ணால் மட்டும் கண்டவை என்று பிரித்து, சேதங்கள் ஒவ்வொன்றும் அளவோடு. சைக்கிள் குதிப்புக்காக வெட்டிய மேடு, மோட்டார் பைக் தடம், புதுக் குழி, கரைமேல் நட்ட கன்று, சாய்ந்த மரம் எல்லாம் சேதமே. மெட்டல் டிடெக்டரோடு யாராவது தோண்டிக்கொண்டிருந்தால் நீங்கள் போய்ப் பேசாதீர்கள். போலீசை அழையுங்கள்: நடந்துகொண்டிருந்தால் 999, அவசரமில்லை என்றால் 101, 'பாரம்பரியக் குற்றம்' (heritage crime) என்ற சொல்லோடு, பட்டியல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்பரப்பில் தானாகக் கிடக்கும் பானையோட்டையும் எடுக்காமல் படமெடுத்து விடுங்கள்.

முடித்த தாள்களை ஸ்கேன் செய்து மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு அனுப்புங்கள். பதிவக அலுவலர் கேட்கப்போகும் முதல் கேள்வி, குறுக்குவெட்டின் கோடு வரைபடத்தில் எங்கே ஓடுகிறது என்பது. அதன் இரு முனைகளின் குறியீட்டையும் தாளின் மூலையிலேயே எழுதிவிடுங்கள்; அடுத்த குளிர்காலத்தில் இன்னொருவர் அதே கோட்டில் நின்று அளக்கட்டும்.